வன்னியில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றி, ஓடத் தொடங்குவது எப்படி

ஹொண்டா சீ.டி. 125 ஒன்று வேண்டும் என்பது பள்ளிக்கூட நாட்களிலிருந்தே எனக்கு இருந்த ஆசை. 2023ஆம் ஆண்டு காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு கிளிநொச்சியில் ஒன்றை வாங்கினேன். பணம் கொடுத்த அன்றே வண்டி என் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அது சட்டப்படி என்னுடையதாக எட்டு மாதங்கள் சென்றன. அந்த எட்டு மாதங்களும் அலைந்து தெரிந்துகொண்டவற்றை, முதன்முதலாக வண்டி வாங்கப்போகும் ஒருவருக்குப் பயன்படும் வகையில் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய இடங்களில் எங்கிருந்தாலும் இந்த வரிசையில் சென்றால், நான் இழந்த காலத்தையும் பணத்தையும் நீங்கள் இழக்க வேண்டியிருக்காது.

1. வண்டிக்கு முன் சாரதி அனுமதிப்பத்திரம்

எங்கள் பக்கத்தில் பலர் முதலில் வண்டியை வாங்கிக் குச்சொழுங்கைகளில் ஓடிப் பழகிவிட்டு, பிறகுதான் அனுமதிப்பத்திரத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடி விபத்து நேர்ந்தால், காப்புறுதி இருந்தும் அது உங்களுக்கு உதவாது.

மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பிரிவுகள் உள்ளன. 100 சீ.சீ.க்கு மேற்படாத வண்டிகளுக்கு ஏ1. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏ. ஸ்பிளெண்டர், சீ.ரி. 100, எம்.டி. 90 ஆகியவை ஏ1 பிரிவில் அடங்கும். பல்சர், அப்பாச்சி, சீ.டி. 125 போன்றவற்றுக்கு ஏ வேண்டும். தொடக்கத்திலேயே ஏ பிரிவுக்கு விண்ணப்பிப்பது நல்லது. இன்று ஸ்பிளெண்டரில் ஓடுபவர் நாளை பெரிய வண்டிக்கு ஆசைப்படுவார். அப்போது மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் பரீட்சை என்று அலைய வேண்டிவரும். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருந்தால் மோட்டார் சைக்கிளும் ஓடலாம் என்று நம்புவோர் இருக்கிறார்கள். அது பிழை, மோட்டார் சைக்கிள் பிரிவை அதில் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். செயன்முறைப் பரீட்சையில் எட்டு வடிவத்தில் காலை ஊன்றாமல் ஓடிக் காட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வேகத்தைக் கூட்டித் தப்பிக்க முயல்வதே அதற்குக் காரணம். அரைக் கிளச்சில், பின் பிறேக்கை மெல்ல அழுத்தியபடி நடை வேகத்தில் செல்லப் பழகுங்கள். மைதானத்தில் கல் வைத்து எட்டுப் போட்டு, ஒரு கிழமை காலையும் மாலையும் பழகினால் போதும்.

2. எந்த வண்டி என்பதை வீதி தீர்மானிக்கட்டும்

நீங்கள் ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஓடப்போகிறீர்களா, அல்லது கிறவல் பாதையில் வயலுக்கும் குளத்துக்கும் போய்வரப்போகிறீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். உள்வீதிகளில் நாள்தோறும் ஓடுபவருக்கு 100 சீ.சீ. வண்டியே உகந்தது. அதற்குப் பெற்றோல் குறைவாகச் செலவாகும், உதிரிப்பாகங்கள் விசுவமடு, ஒட்டுசுட்டான் போன்ற சிறு நகரங்களிலும் கிடைக்கும், எந்தக் கராஜிலும் திருத்துவார்கள். கையால் கிளச் பிடிக்காமல் ஓடக்கூடிய எம்.டி. 90 வயது முதிர்ந்தவர்களுக்கும் ஏற்றது.

என்னைப் போல் சீ.டி. 125 மீது பற்றுள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வண்டியின் இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் அதிர்வு குறைந்தது. செயின் முழுவதும் கவசத்துக்குள் இருப்பதால் எங்கள் செம்மண் தூசி அதை எளிதில் தின்பதில்லை. வன்னி வீதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய வண்டியை நான் காணவில்லை. ஆனால் அதன் உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியுள்ளது. ஒரு கார்பரேற்றர் பாகத்துக்காக மூன்று கிழமை காத்திருந்திருக்கிறேன். எனவே அதுவே உங்கள் ஒரே வண்டியாக இருந்து, அதை நம்பியே நீங்கள் வேலைக்குப் போக வேண்டியிருந்தால், ஆசையைச் சிறிது தள்ளிவைத்து, எளிதில் திருத்தக்கூடிய இந்திய வண்டி ஒன்றை முதலில் வாங்குங்கள்.

3. வாங்கும் காலம்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. அந்த விலையை மனத்தில் வைத்தே இன்னும் பலர் பேசுகிறார்கள். எனவே விற்பவர் சொல்லும் முதல் விலையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்; அதே ரகத்தில், அதே பதிவெழுத்து வரிசையில் உள்ள குறைந்தது நான்கு வண்டிகளின் விலையை விசாரியுங்கள்.

வன்னிக்கே உரிய கணக்கு ஒன்றும் உண்டு. காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் விற்ற பணம் கைக்கு வரும்போது எல்லோரும் வண்டி தேடுவார்கள், விலை இறங்காது. புரட்டாதி, ஐப்பசியில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் காசு தேவைப்படும்போது நல்ல நிலையில் உள்ள வண்டிகளும் விற்பனைக்கு வரும். நான் பங்குனியில் 240,000 ரூபாய் கொடுத்தேன். அதைவிட நல்ல நிலையில் இருந்த சீ.டி. 125 ஒன்று அதே ஆண்டு ஐப்பசியில் எங்கள் ஊரிலேயே 205,000 ரூபாய்க்குப் போனது.

4. புத்தகத்தைப் பார்த்த பிறகே வண்டியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வண்டியைப் பார்த்து மனம் பறிபோன பிறகு எவரும் பத்திரத்தைச் சரியாகப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை.

நாம் புத்தகம் என்று சொல்லும் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கேளுங்கள். கைத்தொலைபேசியில் அனுப்பும் படமும் நிழற்பிரதியும் போதா. அதில் நான்கு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தற்போதைய பதிவு உரிமையாளரின் பெயர். உங்களோடு பேரம் பேசுபவர் அவர்தானா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். எனக்கு விற்றவர் தரகர் ஒருவர். “தம்பி, ஓப்பின் பேப்பர் இருக்கு. பேரை நிரப்பினால் முடிஞ்சுது. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் ஓடுகினம்” என்றார். ஓப்பின் பேப்பர் என்பது, பதிவு உரிமையாளர் வாங்குபவரின் பெயரை எழுதாமலேயே ஒப்பமிட்டுக் கொடுத்த மாற்றப் படிவம். அது கைமாறிக் கைமாறி வந்து சேரும்போது, ஒப்பமிட்டவர் எங்கே இருக்கிறார் என்பது எவருக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்த படிவத்தில் ஒப்பம் புத்தகத்தில் இருந்தவருடையது போல் இருந்தது. ஆனால் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தின்மேல் வெள்ளை மை பூசித் திருத்தப்பட்டிருந்தது. அந்த ஒரு திருத்தத்தினால் படிவம் பயனற்றதாயிற்று. உரிமையாளர் பிரான்சுக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இரண்டாவது, நிதி நிறுவனத்தின் பெயர். லீசிங்கில் எடுத்த வண்டியின் புத்தகத்தில் அந்த நிறுவனமே முழு உரிமையாளராகக் குறிக்கப்பட்டிருக்கும். பணம் கட்டி முடித்துவிட்டதாக விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. நிறுவனம் தன் உரிமையை விடுவித்த கடிதமும் ஆவணங்களும் இருக்க வேண்டும். தவணை பாக்கியுள்ள வண்டியை நீங்கள் வாங்கினால், ஒருநாள் அதைச் சீஸ் செய்ய, அதாவது பறித்துக்கொண்டு போக, வருபவர்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

மூன்றாவது, அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும். வண்டியின் கழுத்துப் பகுதியில் அடிச்சட்ட எண்ணும், இயந்திரத்தின் உடற்பகுதியில் இயந்திர எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த அடையாளமோ, புதிய வர்ணப் பூச்சோ இருந்தால் வாங்காதீர்கள். வன்னியில் இதில் கூடுதல் கவனம் தேவை. 2009இல் கைவிடப்பட்டுச் சிதைந்த வண்டிகளின் பாகங்கள் பின்னர் பலவாறு பொருத்தப்பட்டன. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தில் இன்னொன்றின் இயந்திரம் இருப்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அந்த மாற்றம் புத்தகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். வண்டியின் நிறத்துக்கும் இதுவே விதி.

நான்காவது, பெயரின் எழுத்து. புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் நம்மவர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். முதலெழுத்துகள் இடம் மாறியிருக்கும். உரிமையாளர் அக்காலத்து ஒன்பது இலக்க அடையாள அட்டையில் பதிந்துவிட்டு இப்போது பன்னிரண்டு இலக்க அட்டை வைத்திருக்கலாம். இவை சிறிய வேறுபாடுகளாகத் தோன்றினாலும் அலுவலக மேசையில் பெரிதாகிவிடும். இரண்டு அட்டைகளின் பிரதிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை விற்பவரிடமிருந்து அன்றே பெற்றுக்கொள்ளுங்கள். பணம் கைமாறிய பிறகு அவர் அதற்காக ஒரு நாளைச் செலவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லும் வண்டிகளும் உண்டு. உரிமையாளரே பொலிஸ் முறைப்பாடு செய்து, மறுபிரதி பெற்றுக்கொண்டு வரட்டும். அதுவரை காத்திருங்கள், முற்பணமும் கொடுக்காதீர்கள். உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் உரித்தாளிகளின் சம்மதமும் தேவைப்படும். அந்தக் குடும்பம் ஒற்றுமையாக இருந்தால் மட்டும் அந்த வேலையில் இறங்குங்கள்.

5. வண்டியைச் சோதித்தல்

காலையில் போங்கள், சொல்லாமல் கொஞ்சம் முந்திப் போங்கள். போனதும் இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் இயங்காது என்பதை மறைக்க ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

குளிர்ந்த இயந்திரம் இரண்டு மூன்று உதையில் இயங்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஓயில் எரிகிறது. ரிங் அல்லது வால்வு வேலை காத்திருக்கிறது, செலவு பெரியது. கரும் புகை என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. அது கார்பரேற்றரைச் சரிசெய்தால் தீரக்கூடும். காலையில் வந்து சற்று நேரத்தில் மறையும் வெண்புகைக்கு அஞ்ச வேண்டாம். சீ.டி. 125 என்றால் இரண்டு சைலன்சர்களுக்கும் பின்னே கை வைத்து, இரண்டிலும் காற்று ஒரே வேகத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஒன்று தளர்ந்து வந்தால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. எனது வண்டியில் இதைப் பார்க்கத் தவறினேன். இரண்டாம் மாதமே இயந்திரத்தைக் கழற்ற வேண்டி வந்தது.

பிறகு வண்டியை நடு நிறுத்தியில் நிறுத்திப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். முன் சில்லும் பின் சில்லும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கைபிடியை மெதுவாக இடமும் வலமும் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கினால் கழுத்திலுள்ள பெயாரிங் குண்டுகள் தேய்ந்துவிட்டன. கழுத்தில் ஒட்டு வேலை செய்த தழும்பு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எந்த விலைக்கும் அது வேண்டாம். முன் குழாய்களில் ஓயில் கசிவு, பற்சக்கரப் பற்கள் கொக்கி போல் வளைந்திருத்தல், சில்லுக் கம்பிகள் தளர்ந்திருத்தல் ஆகியவை திருத்தக்கூடியவை. ஆனால் ஒவ்வொன்றையும் விலையில் கழியுங்கள்.

கைதேர்ந்த திருத்துநர் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். ஆனால் விற்பவர் சிபாரிசு செய்பவரை அழைக்க வேண்டாம். திருத்துநருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பதை வீண் செலவாக நினைக்காதீர்கள். அத்துடன் வண்டி விலையின் கால் பங்கை வாங்கியதும் செய்ய வேண்டிய திருத்தத்துக்கென ஒதுக்கிவிட்டு, மிச்சப் பணத்துக்குள் பேரம் பேசுங்கள். எனக்கு முதல் ஆண்டில் 68,000 ரூபாய் சென்றது.

6. பணம் கொடுக்கும் நாள்

பதிவு உரிமையாளர் உங்கள் கண்முன்னே ஒப்பமிட வேண்டும். உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை படிவத்தில் எழுதப்பட்ட பிறகே அவர் ஒப்பமிட வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வெள்ளை மை பூசாமல் புதிய படிவத்தில் எழுதுங்கள்; வெற்றுப் படிவங்கள் இரண்டு மூன்றைக் கொண்டு போவது அதற்காகத்தான். விற்பவர் உரிமை மாற்றத்தை அறிவிப்பதற்கு ஒரு படிவமும், வாங்குபவர் விண்ணப்பிப்பதற்கு ஒரு படிவமும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.ரி.ஏ. வரிசைப் படிவங்கள் உள்ளன. இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும்.

இவற்றோடு, எழுத்து மூலமான விற்பனை உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். திகதியுடன் நேரத்தையும் அதில் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு முன் நடந்த விபத்துக்கும் தண்டப்பணத்துக்கும் விற்பவரும், பின்னர் நடப்பவற்றுக்கு நீங்களும் பொறுப்பு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். இது இருவருக்குமே காப்பு. பணத்தை வங்கி மூலம் செலுத்தினால் பற்றுச்சீட்டு தனியாகத் தேவையில்லை.

வாங்கிக்கொண்டு வர வேண்டியவை: பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி, ஒப்பமிட்ட படிவங்கள், விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, நடப்பு வரிப்பத்திரம், புகைச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம், இரண்டாவது சாவி. எதையாவது பிறகு தருகிறேன் என்று சொன்னால், அதன் பெறுமதிக்கு மேலான தொகையைப் பிடித்துவையுங்கள்.

7. பெயர் மாற்றம்

கைமாறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைக் கடந்தால் தாமதக் கட்டணம் சேரும். கட்டணமும் வண்டியின் வகைக்கேற்ப மாறும். எனவே வாங்கிய கிழமையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் உங்கள் கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகத்திலுள்ள) மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் படிவங்களைக் காட்டி, குறைகள் உள்ளனவா என்று கேளுங்கள். நான் இதைச் செய்யாமல் கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறி நேராகக் கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமை அலுவலகத்துக்குப் போனேன். திருத்தப்பட்ட படிவத்தோடு போனது என் பிழை. இரண்டு இரவுப் பயணமும் ஒரு நாள் கூலியும் வீணாயின. நாரஹேன்பிட்டிக்குப் போகத்தான் வேண்டுமென்றால், அலுவலகம் திறக்கும்போது வரிசையில் நிற்கும்படி முதல் நாள் இரவே புறப்படுங்கள்; எல்லா ஆவணங்களிலும் இரண்டு நிழற்பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள்; நீண்ட வார இறுதிக்கு அடுத்த நாளைத் தவிருங்கள். வாசலில் வேலையை முடித்துத் தருவதாக அணுகுபவர்களிடம் மூலப்பிரதியைக் கொடுக்காதீர்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வது? வன்னியில் இது அடிக்கடி எழும் சிக்கல். அவரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. புத்தகத்திலுள்ள முகவரிக்குரிய கிராம அலுவலரிடம் போனால், உறவினர் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க வழி பிறக்கும். எனக்கு அவருடைய அக்காவைத் தேடிக்கொண்டு போக முடிந்தது. அந்த அம்மா தம்பியோடு தொலைபேசியில் பேசவைத்தார். தம்பிக்கு அந்த வண்டி இன்னும் தன் பெயரில் ஓடுகிறது என்பதே தெரியவில்லை. தன் பெயரிலுள்ள வண்டியால் விபத்து நேர்ந்தால் தன்னையும் தேடுவார்கள் என்று உணர்ந்ததும் அவரே முன்வந்து உதவினார். அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் தன் அக்காவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்காக ஒப்பமிடும் அதிகாரத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட வேண்டும். பிறகு அக்கா அவருக்காக ஒப்பமிடலாம். வண்டியின் பதிவெண், அடிச்சட்ட எண், இயந்திர எண் மூன்றும் அந்தத் தத்துவத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழிக்கு எனக்கு ஐந்து மாதங்கள் சென்றன. அந்த ஐந்து மாதங்களும் வண்டி சாக்குப் போர்த்தியபடி கொட்டிலில் நின்றது.

புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும், பெயரையும் எண்களையும் அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள்.

8. காப்புறுதி, புகை, வரி

இவற்றின் வரிசை முக்கியம். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால்தான் ஆண்டு வரிப்பத்திரம் எடுக்கலாம். மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது, மலிவானது. ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அது ஒரு சதமும் தராது. பழைய உரிமையாளரின் பெயரிலுள்ள காப்புறுதியை நம்பி ஓடாமல் உங்கள் பெயரில் எடுங்கள். புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் ஓயிலையும் காற்று வடிகட்டியையும் மாற்றி, வண்டியைப் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போனால், நல்ல வண்டி முதல் தடவையிலேயே சித்தியடையும். பிறகு பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரம் பெறலாம். முடிவுத் திகதி கடந்தால் தண்டம் சேரும். எனவே கைத்தொலைபேசியில் ஒரு மாதம் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள்.

9. தூசியும் மழையும்

வன்னியில் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் தூரமல்ல, தூசிதான். உற்பத்தியாளர் சொல்லும் இடைவெளிகள் தார் வீதிக்கானவை. கிறவல் பாதையில் நாள்தோறும் ஓடினால் காற்று வடிகட்டியைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ஓயிலை 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். கறுத்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். கவசம் இல்லாத செயினைக் கிழமைக்கு ஒருமுறை மண்ணெண்ணெயில் துடைத்து எண்ணெய் இடுங்கள். தூசியோடு எண்ணெய் மேல் எண்ணெய் இட்டால் அது அரைக்கும் பசையாகிவிடும்.

மாரியில் வேறு கவனம் வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை பிளக் மூடியிலும் வயர்ப் பொருத்துகளிலும் ஈரம் இறங்கி வண்டி நடுவழியில் நிற்கும். வாய்க்கால் மேவிய பாதையில் சைலன்சர் மூழ்கும் அளவு தண்ணீர் என்றால் இறங்கி, இயந்திரம் அணையாமல் பார்த்துக்கொண்டு தள்ளுங்கள், அல்லது திரும்பிவிடுங்கள். இயந்திரத்துக்குள் தண்ணீர் போனால் உதைத்து இயக்க முயலாமல் ஓயிலை வடித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் அப்படியே கராஜுக்குக் கொண்டு போங்கள். பரந்தன் வீதியால் முல்லைத்தீவுக்குப் போவோர் மழைக்காலத்தில் வட்டுவாகல் பாலத்தின் நிலையை முன்னதாக விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

10. வீதியில்

ஏ9 வீதியின் நேர்கோடு வேகத்தை அழைக்கும். அந்த அழைப்புக்கு இணங்காதீர்கள். இரவில் தார் வீதியின் சூட்டைத் தேடி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். கறுத்த மாட்டை வண்டி வெளிச்சம் காட்டும்போது பிறேக் பிடிக்க இடம் போதாது. பின் விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகளும் அப்படித்தான். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயவிட்டிருப்பார்கள். நெல்லின்மேல் பிறேக் பிடித்தால் மணலில் போலவே சறுக்கும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு வீதிகளில் பொழுதுபட்டபின் யானை நிற்கக்கூடும். தொலைவில் கண்டால் விளக்கை அணைக்காமல், ஹோன் அடிக்காமல், திருப்பிக்கொண்டு போய் ஒரு லொறியோ பஸ்ஸோ வரும்வரை காத்திருங்கள். மாலை ஆறு மணிக்குப் பின் அந்த வீதிகளைத் தனியாகத் தொடங்காமல் இருப்பதே நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். நாடாவைக் கொழுவாமல் தலையில் வைத்துப் போவது பொலிசாரைச் சமாளிக்க மட்டுமே உதவும். சத்தம் கூட்டிய சைலன்சரையும் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சத்தையும் வண்டியில் பூட்டாதீர்கள். மறித்தால் வழக்கு, மறிக்காவிட்டாலும் எதிரே வருபவருக்கு ஆபத்து.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இடையில் இரவில் பெற்றோலும் பஞ்சர் ஒட்டும் கடையும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படாமல், மாங்குளத்திலேயே தாங்கியை நிரப்புங்கள். இருக்கைக்குக் கீழே ஒரு பிளக், பிளக் கழற்றும் சாவி, கிளச் வயர் ஒன்று, ஒரு ரியூப், சிறிய காற்றுப் பம்பு, பியூஸ் இரண்டு ஆகியவற்றைப் பழைய ரியூப் துண்டில் சுற்றி வைத்திருங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் ஆகியவை பொலித்தீன் உறையில் உங்களோடு வரட்டும். வரிப்பத்திரம் வண்டியில் தெரியும்படி இருக்கட்டும். புத்தகத்தின் மூலப்பிரதியை மட்டும் ஒருபோதும் வண்டியில் கொண்டு போகாமல், காணி உறுதியோடு வீட்டில் வையுங்கள்.